பன்னிரண்டு ரூபாய் வட்டு

பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். நான் சொல்லப்போகிற வட்டும் அதே அளவுதான். மெல்லிய பித்தளைத் தகடு, நடுவில் வெள்ளையாக ஒரு பீங்கான் வில்லை, அதன் மேல் வெள்ளிப் பூச்சு. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ‘பீப்’ என்று கத்துகிறதே, அதன் வயிற்றுக்குள் இருப்பது இதுதான். விலை 12 ரூபாய். இப்போது அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடம், தென்காசிப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றின் வில். அங்கே அது வந்து சேர்வதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் ஆயின.

கதை தொடங்குவது நமக்குப் பக்கத்திலேயே. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒருவகைக் கற்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள். சூடுபட்டால் அடுப்புச் சாம்பலைத் தன்பக்கம் இழுத்தது அந்தக் கல். சிங்களப் பெயரையே கொஞ்சம் திரித்து அதை டூர்மலின் என்றார்கள். சூடு பட்டால் மின்சாரம் எழுகிறது என்றால், அழுத்தினாலும் எழவேண்டுமே என்று யோசித்தவர்கள் பாரிஸில் இரண்டு சகோதரர்கள்: ழாக் கியூரி, பியர் கியூரி. 1880-இல் டூர்மலின், குவார்ட்ஸ், கரும்புச் சர்க்கரைப் படிகம், ரோஷெல் உப்பு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். எல்லாம் மின்சாரம் தந்தன. பின்னால் மேரி கியூரியை மணந்த பியர்தான் இவர்.

இந்த ரோஷெல் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. பிரான்ஸின் லா ரோஷெல் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் காய்ச்சி விற்ற பேதி மருந்து அது. நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருகிறதே டார்டாரிக் அமிலம், அதிலிருந்து பிறந்த உப்பு. பேதி மருந்து பாட்டுப் பாட வந்த கதை 1930-களில் நடந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த பிரஷ் நிறுவனம் ரோஷெல் உப்பைப் பெரிய பெரிய படிகமாக வளர்த்து, சீவி, மைக்கிலும் ரிக்கார்டு பிளேயரின் ஊசிமுனையிலும் வைத்தது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி நடுங்க, படிகம் நெளிய, மின்சாரம் கிளம்பியது. இப்படி அதிர்வை மின்சாரமாக்கித் தரும் கருவிக்குத்தான் பிக்கப் என்று பெயர்.

ஆனால் உப்பு உப்புதானே. காற்றில் ஈரம் ஏறினால் கசியும். 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் கெட்டே போகும். சித்திரை வெயிலில் வண்டிக்குள் பூட்டிவைத்தாலும் ஆபத்து, ஆனி ஆடிச் சாரலில் வெளியே வைத்தாலும் ஆபத்து. குற்றாலத்தையும் தென்காசியையும் மனத்தில் வைத்து யாராவது ஒரு பொருளைச் செய்தால், கடைசியாகத்தான் ரோஷெல் உப்பைத் தொடுவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் கண்டுபிடிக்கப்பட்டது. 1950-களில் அதைவிட வலுவான ஈய ஜிர்கோனேட் டைட்டனேட் வந்தது. களிமண் பாத்திரம்போல் அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. என் வட்டின் நடுவில் இருக்கும் வெள்ளை வில்லை அந்தக் குடும்பம்தான்.

அந்தப் பீங்கானை மரத்தில் ஒட்டி வாத்தியத்தைக் கேட்கலாம் என்ற யோசனை வந்தது 1960-களில். அமெரிக்காவில் பார்கஸ், பெர்ரி என்ற இருவரின் பெயரில் வந்த பிக்கப் முதலில் வயலினுக்குப் போனது. பிறகு டபுள் பேஸுக்கு வந்தது. ஆளுயரத்துக்கு நின்றுகொண்டு வாசிக்கும் அந்த வாத்தியத்துக்குத்தான் இது அதிகம் தேவைப்பட்டது. அதன் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. பக்கத்தில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் இருந்தால் அந்தச் சத்தம் மேடையைத் தாண்டாது. மைக் வைத்தால் டிரம்ஸும் சேர்ந்து அதற்குள் வந்துவிடும், ஊளையும் இடும்.

சென்னையில் டபுள் பேஸ் வாசிக்கும் நண்பர் ஒருவரின் வாத்தியத்தை உட்கார்ந்து துருவிப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் குதிரையின் காலில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்குள்ளேயே பிக்கப் இருந்தது. பிஷ்மன் நிறுவனத்தின் ஃபுல் சர்க்கிள். கப்பல் கூலியும் வரியும் சேர்த்து முப்பதாயிரத்தை நெருங்கியதாகச் சொன்னார். இன்னொன்று ரியலிஸ்ட். செப்புத் தகடுபோல் மெல்லிசாக இருக்கும், குதிரைக் காலுக்கும் பலகைக்கும் நடுவே செருகுவது. அதுவும் ஏறக்குறைய அதே விலை வட்டத்தில்தான். அண்டர்வுட் என்பது குதிரையின் தோள்பட்டையில் இருக்கும் பிளவுக்குள் செருகுவது. பலகையை ஒட்டி வைத்தால் மரத்தின் இருண்ட குரல் கேட்கும். மேலே குதிரையின் தோளில் வைத்தால் விரல் தந்தியை விட்டுப் பிரிகிற ‘டக்’ சத்தம் முந்தும். ஒட்டும் இடம்தான் குரலைத் தீர்மானிக்கிறது என்றால் முப்பதாயிரம் எதற்கு என்று கேட்டேன். “அசையாம உக்காரும். நாலு தந்தியும் ஒரே சத்தத்துல வரும். ரெண்டு வருஷம் கழிச்சும் அப்படியே இருக்கும்” என்றார். நியாயமான பதில்தான். உள்ளே இருக்கும் பீங்கான் மட்டும் 12 ரூபாய்ப் பீங்கானுக்குச் சித்தப்பா மகன்.

தமிழ்நாட்டில் டபுள் பேஸ் வைத்திருப்பவர்கள் குறைவு. இங்கே பிக்கப்புக்கு வீடு கொடுத்தது வீணை. வீணைக்காரர்கள் கான்டாக்ட் மைக் என்பார்கள். மேடையில் வீணையின் குடத்துப் பலகையில் ஒரு பொத்தான் ஒட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கச்சேரி முடிந்து வருகிறவர்களில் பாதிப்பேர் ‘இன்றுதான் கமகம் கடைசி வரிசை வரை கேட்டது’ என்பார்கள், மீதிப்பேர் ‘அது வீணையே இல்லை, கிட்டார்’ என்று முகம் சுளிப்பார்கள். இரண்டு பேரும் சொல்வது சரி என்று எனக்குப் புரிந்தது வில்லில் வட்டை ஒட்டிய பிறகுதான்.

வில்லுப்பாட்டு பார்க்காதவர்களுக்காக: வில்கதிர் என்கிற நீண்ட வளைந்த மரம், பெரும்பாலும் பனை வைரம். அதில் இழுத்துக் கட்டிய தோல் நாண். கதிரெங்கும் வெண்கல மணிகள். வில்லின் முதுகு ஒரு மண்குடத்தின் கழுத்தில் அமர்ந்திருக்கும். தலைமைப் பாடகரான அண்ணாவி இரு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாட, குடக்காரர் ஒரு கையில் தட்டையால் குடத்தின் வாயை அறைவார், இன்னொரு கையில் நாணயத்தால் அதன் வயிற்றைத் தட்டுவார். உடுக்கை, தாளம், கட்டை உண்டு. சுடலைமாடன் கொடை, முத்தாரம்மன் கொடை போன்ற கோயில் விழாக்களில் விடிய விடியக் கதை ஓடும்.

மைக் வந்த பிறகு இந்தக் கலைக்கு நாடெங்கும் பேர் கிடைத்தது. வில்லுப்பாட்டில் தொடங்கிய நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், திருநெல்வேலிச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்து 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய சுப்பு ஆறுமுகமும் அதைச் சபாவுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார்கள். குற்றாலத்தில் சாரல் திருவிழா நடக்கும் அரங்குக்கே கலைவாணர் பெயர்தான். ஆனால் என் புகார் ஒன்று உண்டு. மைக் எப்போதும் வாய்க்கு முன்னால்தான் நிற்கிறது. குரல் குழாய் ஸ்பீக்கரில் ஊரைக் கடந்து போக, வில் அதன் பின்னால் ஓர் அலங்காரச் சாமான்போல ஆகிவிட்டது. நூறடி தள்ளி நின்றால் ‘ஜல் ஜல்’ மட்டும் வரும். நாண் அதிரும் அந்த அடி வயிற்றுச் சத்தம் வராது.

அதற்காகத்தான் போன ஆடியில், செங்கோட்டைச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர் அம்மன் கொடைக்கு வட்டோடு போனேன். குடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வில்கதிரின் அடிப்பக்கத்தில் தேன்மெழுகை உருக்கி ஒட்டினேன். ஒயரை மைக்செட்காரரின் மிக்ஸரில் நேரே செருகினேன்.

“அண்ணாச்சி, தகரத்துல மழ பெஞ்சாப்ல இருக்கு” என்றார் மைக்செட்காரர்.

இருந்தது. தப்பு வட்டில் இல்லை, செருகிய ஓட்டையில். இந்த வட்டு மின்சாரத்தை மிகக் கொஞ்சமாக, மிக மெல்லிய கசிவாகத்தான் தரும். மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் சொற்பம். மிக்ஸரில் ஒயர் செருகும் சாதாரண வாயின் மின்தடை பத்தாயிரம் ஓம் என்று வையுங்கள், என் வட்டின் கொள்ளளவு சுமார் 20 நானோஃபாரட். கணக்குப் போட்டால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் சத்தமெல்லாம் வாசலிலேயே வடிந்துபோகும். நாணின் அடிச் சத்தம் அங்கேதான் இருக்கிறது. மேலே மிஞ்சுவது மணியும் கோல் அடியும். அதே வட்டை 10 லட்சம் ஓம் வாய் உள்ள ஒன்றில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மனிதக் காது அதற்குக் கீழே கேட்பதே இல்லை. மலிவுப் பிக்கப் என்று திட்டப்படுகிறவற்றில் பாதி, தவறான வாயில் செருகப்பட்டவைதான் என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள் வட்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்க அப்படியொரு வாயை நானே செய்தேன்: ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சோப்புப் பெட்டி. நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. அதோடு வேலை முடியவில்லை. சாயங்காலம் சாரல் இறங்கியதும் ஸ்பீக்கரில் பொரிகடலை பொரிந்தது. வட்டின் பற்றவைத்த இடத்தில் ஈரம் உட்கார்ந்து, அந்த மெல்லிய கசிவைத் திருடிக்கொண்டிருந்தது. ரோஷெல் உப்பைக் கொன்ற அதே ஈரம், பீங்கானை விட்டுவிட்டு ஒயரைப் பிடித்திருக்கிறது. துடைத்து, காயவைத்து, நகப்பூச்சை இரண்டு கை பூசி, மேலே மெழுகை ஊற்றினேன். பொரிவது நின்றது.

அன்றிரவு வில் பேசியது. கோயில் வாசலில் நின்றவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். கோல் நாணில் விழுவதும், நாண் சுருண்டு அடங்குவதும், மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கதை முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே அண்ணாவி சொன்னார்:

“வில்லு பேசுது தம்பி. குடம் எங்க போச்சு?”

போயிருந்தது. குடத்தின் குரல் மண்ணில் இல்லை, உள்ளே அடைபட்டு வாய்வழியாக வந்துபோகும் காற்றில் இருக்கிறது. வட்டு தொட்டுக்கொண்டிருப்பதோ மரத்தை. தொட்டதைக் கேட்கும், தொடாததைக் கேட்காது. டபுள் பேஸ் நண்பர் முப்பதாயிரத்துக்கு வாங்கியதைப் பற்றியும் இதே குறைதான் சொல்லிக்கொண்டிருந்தார். தந்தி வருகிறது, பெட்டியின் மூச்சு வரவில்லை, அதனால் ஒலிப்பதிவில் பிக்கப்பைக் கழற்றாமலே முன்னால் ஒரு மைக்கும் வைத்துக்கொள்கிறேன் என்றார். வீணைக் கச்சேரியில் முகம் சுளித்த பாதிப்பேரும் தேடியது அந்த மூச்சைத்தான். விலை ஏறினால் இந்தக் குறை தீராது. தொட்டுக் கேட்கும் எந்தப் பிக்கப்பும் காற்றைக் கேட்காது.

மைக்செட்காரரிடம் உதிரியாக ஒரு மைக் இருந்தது. குடத்தின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி, குட்டை ஸ்டாண்டில் வைத்தோம். வில்லின் வட்டைக் கொஞ்சம் குறைத்து, குடத்து மைக்கைக் கொஞ்சம் கூட்டி, இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியமாகும்வரை மைக்செட்காரர் திருகிக்கொண்டே இருந்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கதையில் பிள்ளை பிறந்து வளர்ந்துவிட்டது.

வட்டு இன்னும் அந்த வில்லில்தான் இருக்கிறது. வட்டுக்கு 12 ரூபாய், சோப்புப் பெட்டிக்கும் உள்ளே இருப்பதற்கும் 150-க்குள். பேட்டரி இரண்டு கொடைக்கு ஒருமுறை மாற்றவேண்டும். செய்ய நினைக்கும் மைக்செட் நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று: தயவுசெய்து வட்டை மிக்ஸரில் நேரே செருகாதீர்கள், குடத்தின் மைக்கை எடுக்காதீர்கள்.