சினார் நிழலின் வரலாறு

ஆங்கிலத்திற் 'பிளேன்' என்றும் பாரசீகத்திற் 'சினார்' என்றும் வழங்கும் மரம் உண்ணத்தக்க கனி தருவதன்று. நிழலுக்கும் எழிலுக்குமாகவே அது நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லப்பட்டது. ஆதலின் அதன் வரலாறு, நிழலை நுகர்ந்தோர் யாவர் என்னும் வினாவின் வரலாறுமாகும்.

கி.மு. 480இற் கிரேக்கத்தைத் தாக்கிய பாரசீக மன்னன் சேர்க்சஸ், செல்லும் வழியில் லிடியாவிற் கண்ட சினாரொன்றின் அழகில் மயங்கி, அதற்குப் பொன்னணி பூட்டிக் காவலாளும் அமர்த்தினான் என்பர் ஹெரோடோற்றஸ். அதே நூற்றாண்டில் ஏதென்ஸின் தலைவன் சைமன், நகரச் சந்தைவெளியிற் சினார்களை நடுவித்தான் என்பது புளூட்டார்க் தரும் செய்தி. முன்னது மன்னனின் ஆடம்பரம். பின்னது குடிகளுக்கான நிழல்.

உரோமப் பேரரசில் இம்மரம் செல்வர் தோட்டங்களுக்கு அணியாயிற்று. வெறும் நிழலுக்காக அயல்நாட்டு மரமொன்றைத் தருவித்தமை குறித்து வியந்த கி.பி. முதலாம் நூற்றாண்டுப் பிளினி, பேரரசின் வடவெல்லையில் வாழ்ந்த மொரினி இனத்தார் அந்நிழலுக்கும் இறை செலுத்தியதாகக் குறிப்பிடுகிறார். ஆதிக்கத்தின் கை நிழல்வரை நீண்டமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

காஷ்மீரில் முகலாயர் தம் பூங்காக்களிற் சினார்களை வரிசையாக நட்டனர். 1586இல் அந்நாட்டைக் கைப்பற்றிய அக்பரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் நசீம் பாக், இன்று காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு பகுதியாகும். அரசர் உலாவிய நிழலில் இப்போது மாணவர் கற்கின்றனர்.

சினாரை நட்டவர் அதன் முழு நிழலைக் காண்பது அரிது. எனவே, நட்டவர் பெயரினும் அந்நிழலில் அமரும் உரிமை யாருக்கு வாய்த்தது என்பதே வரலாற்று மாணவர் வினவவேண்டியதாகும்.