அம்பிளி ராஜுவை நாளை எங்கே தேடுவது?

2025 ஜூன் 20 அன்று 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' தொடரின் இரண்டாம் பருவம் ஆறு பகுதிகளாக இணையத்தில் வெளியானது. 2023 ஜூனில் வந்த முதற்பருவம் கொச்சியைக் களமாகக் கொண்டு, விடுதியில் கொலையாளி விட்டுச்சென்ற ஒரு பொய் முகவரியைத் துரத்தியது. இரண்டாம் பருவமோ திருவனந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்து, காணாமற்போன ஒரு காவலரைத் தேடுகிறது. எழுத்து பாகுல் ரமேஷ், இயக்கம் அகமது கபீர். காணாமற்போகும் அம்பிளி ராஜுவாக நடித்தவர் இந்திரன்ஸ். (அம்பிளி வேறெவருமல்லர், தமிழரின் அம்புலியே.) பிறரைத் தேடிப் பழகிய துறை தன்னவர் ஒருவரையே தேட நேர்வதுதான் இப்பருவத்தின் வலிமை, முதற்பருவத்தினும் இது மேம்பட்டதும் அதனாலேயே.

இவ்விரு பருவங்களுக்கும் இடையே இன்னொன்றும் மாறியது. முதற்பருவம் வெளியான தளத்தின் பெயர் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரி 14 அன்று அது ஜியோசினிமாவுடன் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயிற்று. தொடர் இரண்டாம் பருவத்தை எட்டுமுன் அது குடியிருந்த வீட்டின் பெயரே மாறிவிட்டது. இது சிறு செய்தியன்று. இத்தகைய தொடர்கள் குறுந்தகடாகக் கடைக்கு வருவதில்லை; தளம் வைத்திருக்கும் வரைதான் அவற்றுக்கு இருப்பு.

ஒளிநாடாவும் குறுந்தகடும் ஆண்ட காலம் வேறு. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்குத் திரைப்பட விசிடிகளை விற்றபோது, நடுத்தர வீடுகளின் அலமாரிகள் சிறு ஆவணக்காப்பகங்களாயின. திருவனந்தபுரத்துக் கடலோரப் பீமாப்பள்ளிக் கடைகளில் உலகத் திரைப்படங்கள் உரிமம் பெறாத தகடுகளாக விலைபோனதை இந்நகர்த் திரை ஆர்வலர் அறிவர். சட்டப்படி அது குற்றமே. ஆயினும் ஒரு படைப்பின் பல படிகள் பல கைகளில் சிதறிக்கிடப்பது அழிவுக்கு எதிரான பழைய காப்பு என்பதை ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

காவல்துறைத் தொடர்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பிபிசியின் 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' 1955 முதல் 1976 வரை 432 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. தொடக்ககாலப் பகுதிகள் பல நேரலையாக நடிக்கப்பட்டவை. பதிவானவற்றிலும் மிகுதியானவை பாதுகாக்கப்படவில்லை. ஒளிநாடா விலையுயர்ந்த பொருளாதலின், அதை அழித்து மீண்டும் பயன்படுத்துவது அக்கால வழக்கம். எஞ்சியவற்றுள், பிற்காலப் பருவங்களைச் சேர்ந்த வண்ணப் பகுதிகள் சில பின்னாளில் டிவிடியாக வந்தன. இன்றைய பார்வையாளர் அறியும் டிக்சன், பெரிதும் முதுமையடைந்த டிக்சனே.

திருவனந்தபுரத்துக்கு இவ்விழப்பு புதிதன்று. அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் இந்நகரில் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதற்படம். அதன் படி ஒன்றேனும் எஞ்சவில்லை. வெளியான ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். நாயகியாக நடித்த பி. கே. ரோசியின் நடிப்பை இனி எவரும் காண இயலாது. இதே திருவனந்தபுரத்தில் 1933இல் பிறந்த பி. கே. நாயர்தான், 1964இல் புனேயில் அமைந்த தேசியத் திரைப்படக் காப்பகத்தை உருவாக்கி வளர்த்தவர். அவர் தேடித்தேடிச் சேர்த்தவை படச்சுருள்கள். இணையத் தொடருக்குச் சுருளும் இல்லை, தகடும் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, பத்து ரூபாய்த் துப்பறியும் நாவலுக்கும் கன்னிமாரா நூலகத்தில் ஓரிடம் உண்டு. அம்பிளி ராஜுவுக்கு அவ்வாறு ஓரிடத்தை எச்சட்டமும் ஒதுக்கவில்லை.

இழப்பது கதையை மட்டுமன்று. மலையாளத் திரை நெடுங்காலம் வள்ளுவநாட்டுப் பேச்சையே பொதுவழக்காகக் கொண்டது. திருவனந்தபுர வழக்கு பெரும்பாலும் நகைப்புக்கே பயன்பட்டது. 2005இல் வந்த 'ராஜமாணிக்யம்' அதை நாயகன் வாயில் வைத்துப் பெருவெற்றி கண்டது. அங்கும் சிரிப்பே முதன்மை. இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த இந்திரன்ஸ், நகைச்சுவைக்கு அப்பாற்பட்ட ஒரு காவலராக இங்கு வந்து நிற்பது மொழி வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. இத்தொடர் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஒலிமாற்றம் பெற்றுள்ளது. வடக்கே 'சேட்டன்' என்று அழைக்கப்படுபவரைத் தென்திருவிதாங்கூர் 'அண்ணன்' என்றே அழைக்கும். மலையாள ஒலித்தடத்தில் அச்சொல் பேசுபவரின் ஊரைக் காட்டிக்கொடுக்கும். தமிழ் ஒலித்தடத்திலோ எல்லோரும் அண்ணன்மாரே.