முகவை முதல் இசைக்கவை வரை: ஆய்வகத் தமிழின் வரலாறு

கவிஞர் கூடும் அவையின் பத்தாம் ஆண்டு மலரில் இயற்பியல் ஆய்வகத்துக்கு என்ன இடம் என அன்பர்கள் வினவக்கூடும். பொருளுக்குப் பெயரிடுதல் கவிஞர்க்கு மட்டும் உரிய தொழிலன்று. கண்ணாடிக் குவளைக்கும் எஃகுக் கவைக்கும் பெயர் தேடியோரும் அதே தொழிலைத்தான் செய்தனர். அவர்களுள் கவிஞரும் இருந்தனர். அவ்வுழைப்பின் வரலாற்றை, ஆய்வக மேசையருகே நெடுங்காலம் நின்ற ஓர் ஆசிரியன் என்னும் உரிமையோடு இங்குக் கூற விழைகிறேன்.

தமிழில் அறிவியல் எழுதும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்திக் காட்டினார். அவர் பணியின் பயனாய் 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. துறைக்கே கடன்சொல்தான் பெயராயிற்று என்பதிலிருந்து அன்றைய இடர்ப்பாடு விளங்கும்.

1916ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களைத் தொகுக்கவென்றே ஒரு சங்கம் கண்டு, அதற்கென ஓர் இதழும் நடத்தினர். அதே ஆண்டில் ஈழத்தின் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனம் என்னும் இளைஞர் கொழும்பில் அறிவியற் சான்றிதழும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். அவரே பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனார்.

1932இல் சென்னை அரசு வெளியிட்ட சொற்பட்டியலில் வடசொற்களே மிக்கிருந்தமையால் தமிழறிஞர் மனங்குறைபட்டனர். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அப்பணியைத் தானே மேற்கொண்டது. 1936இல் அது கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்தர் தலைமை தாங்கினார். 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. பின்னர் 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மையாசிரியர் பெரியசாமித் தூரன், கவிஞர்; இசைப்பாடல் இயற்றியவர். அறிவியல் எழுத்தை வாழ்நாட் பணியாகக் கொண்ட பெ. நா. அப்புசாமி, சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அறிவியல் தமிழின் தொட்டிலை ஆட்டிய கைகளில் ஏடும் எழுத்தாணியும் இருந்தன என்பதில் ஐயமில்லை.

இனி, அவர்கள் வகுத்த வழிகளைக் காண்போம்.

முதல் வழி, பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு ஆக்குதல். முகத்தல் என்பது நீரையும் தானியத்தையும் மொண்டு எடுத்தல். அதிலிருந்து வந்த ‘முகவை’ என்னும் சொல்லைப் பீக்கர் எனும் கண்ணாடிக் குவளைக்கு அளித்தனர். இராமநாதபுரத்து அன்பர்களுக்கு அச்சொல் தம் ஊர்ப்பெயராகவே ஒலிக்கும். ‘ஊசல்’ சிலப்பதிகாரத்து மகளிர் ஆடியது. இறைவனை ஊஞ்சலிலிட்டுப் பாடும் சிற்றிலக்கியத்துக்கும் அதுவே பெயர். நூலில் கட்டிய குண்டு அலைவதைக் கண்டவுடன் வேறொரு சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, மக்கள் வழக்கிலிருந்து எடுத்தல். ‘வில்லை’ என்பது வட்டமாய்த் தட்டையாய் இருப்பது. மகளிர் தலையணியும் வில்லை, அலுவலகச் சேவகர் மார்பில் தொங்கியதும் வில்லை. லென்சுக்கு இதனைப் பெயராக்கினர். இலத்தீனில் லென்ஸ் என்பது அவரையினத்தைச் சேர்ந்த சிறுபருப்பின் பெயர். அவர்கள் வயலில் கண்ட உருவத்தை நம்மவர் அணிகலனில் கண்டனர். பெயரிட்ட முறை ஒன்றே.

மூன்றாவது, ஈறு அமைத்தல். அளப்பது ‘மானி’, காட்டுவது ‘காட்டி’, பார்க்க உதவுவது ‘நோக்கி’ என ஒழுங்கு செய்தபின் வெப்பமானி, மின்காட்டி, நுண்ணோக்கி ஆகியவை இலக்கண விதிபோல் தாமே பிறந்தன. மாணவன் முன்பின் கண்டிராத கருவியாயினும் பெயரைக் கொண்டே அதன் தொழிலை உணரலாம்.

நான்காவது, வந்த சொல்லை வாழவிடுதல். ‘தராசு’ பாரசீகத்திலிருந்து வந்தது. நன்னூல் நல்லாசிரியனுக்கு உவமையாக்கிய ‘நிறைகோல்’ நம்மிடம் இருந்தும், கடைத்தெருவில் வேரூன்றிய சொல்லை எவரும் பிடுங்கவில்லை. பாரதியாரும் தம் கட்டுரை வரிசைக்குத் ‘தராசு’ என்றே தலைப்பிட்டார்.

கடலின் இருகரைகளிலும் இவ்வழிகள் ஒன்றேயாயினும் சொற்கள் வேறுபட்டன. இலங்கையில் 1950களில் அரசகருமமொழித் திணைக்களம் தனியே சொற்றொகுதிகளை வெளியிட்டது. நமக்கு இயற்பியல், அவர்க்குப் பௌதிகவியல். நமது முப்பட்டகம் அவர்க்கு அரியம். நமது தொலைநோக்கி அவர்க்குத் தொலைகாட்டி. நாம் வோல்ட்மீட்டர் என்று ஒலிபெயர்த்து நின்ற இடத்தில் அவர்கள் ‘உவோற்றுமானி’ எனத் தொல்காப்பியர் ஒப்பும் ஒலிக்கு மாற்றினர். காதுக்கு அது கடினமே. எனினும் அங்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுவரை மாணவர் இச்சொற்களாலேயே கற்று எழுதுகின்றனர். பயன்பாடு எனும் உரைகல்லில் அச்சொற்கள் தேறிவிட்டன.

ஒரு சோதனையை மட்டும் சற்று விரித்துரைக்க இசைவு வேண்டுகிறேன். உள்ளீடற்ற மரப்பெட்டியின்மேல் எடை தொங்கவிட்டு இழுத்த ஒரு கம்பி, இது சுரமானி. வீணையில் உள்ளதுபோல் கம்பியைத் தாங்க இரு குதிரைகள். அவற்றின் நடுவே, கம்பியின்மேல் மடித்த தாள்துண்டு ஒன்றை வைப்பர். பின் இசைக்கவையைத் தட்டி அதன் காம்பைப் பெட்டியில் ஊன்றுவர். குதிரையை நகர்த்திக் கம்பியின் நீளத்தை மாற்றிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் யாரும் தீண்டாமலே தாள் துள்ளி விழும். கவையின் அதிர்வெண்ணும் கம்பியின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டன என்பது பொருள். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். 256 அதிர்வு 512 ஆகும். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள இக்கணக்கை அறிந்திருந்த அறிவியல் மாணவரே மறைந்துபோன யாழின் இலக்கணத்தை மீட்டெடுத்தார். விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

தீண்டாமலே தாள் துள்ளும் அந்நிகழ்வுக்கு நாம் இட்ட பெயர் ‘ஒத்ததிர்வு’. பொருத்தமான சொல்லே. ஈழத்துப் பாடநூலோ அதனைப் ‘பரிவு’ என்கிறது. ஒருவர் துடிக்க மற்றவர் உள்ளம் துடித்தலை நாம் பரிவு என்கிறோம். ஒரு கவை அதிரக் கம்பி அதிர்வதையும் அவர்கள் அவ்வாறே அழைத்தனர். இதனைவிடக் கவித்துவமான அறிவியற் சொல்லை நான் கண்டதில்லை.

ஆயினும் என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்த மாணவன் ஒருவனை முதல்நாள் ஆய்வகத்தில் ‘பீக்கர்’ கொண்டுவரப் பணித்தேன். அவன் விழித்தான். ‘முகவை’ என்றேன். முகம் மலர்ந்தது, “தெரியும் ஐயா, படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன்” என்றான். ஆயினும் அசையவில்லை. பல கலங்கள் நிறைந்த அலமாரியில் எது முகவை என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பயின்ற சிற்றூர்ப் பள்ளியில் கருவிகள் பூட்டிய பேழைக்குள்ளேயே இருந்தனவாம்.

தமிழ்ச்சொல் அவனைக் கைவிட்டது என்று அன்று உடனிருந்தோர் கூறினர். நான் அவ்வாறு கருதவில்லை. அவனிடம் சொல் இருந்தது. அச்சொல்லுக்குரிய பொருளை அவன் கையில் எவரும் கொடுக்கவில்லை. சொல் பொருளைக் குறிக்க வேண்டுமாயின் பொருள் கண்முன் இருத்தல் வேண்டும். முன்னோர் பெரும்பாடுபட்டு ஆக்கிய சொற்கள் வழங்காமற் போனமைக்குச் சொற்களின் கடினம் ஒரு காரணம்; பூட்டிய பேழை அதனினும் பெரிய காரணம். ஆங்கிலச் சொல்லை ஓதியிருந்தாலும் அம்மாணவன் அலமாரிமுன் அவ்வாறே நின்றிருப்பான்.

பத்தாண்டுகளாகச் சொல்லை ஓம்பிவரும் நம் வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். உறுப்பினர் ஒவ்வொருவரும் அருகிலுள்ள பள்ளி ஒன்றின் ஆய்வகத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று காண்பாராக. பேழை பூட்டியிருப்பின் திறக்கச் சொல்வாராக. முகவையை மாணவர் கையில் கொடுத்து, முகத்தல் என்னும் வினையைக் கூறுவாராக. அதன்பின் அச்சொல்லைக் காப்பாற்ற அகராதி வேண்டா, அம்மாணவரே காப்பாற்றுவர்.