சங்கும் பால்புட்டியும்

வேலை தேடி வடபுலம் வந்த நம்மவர் பலருடைய பெட்டிகளிலே குத்துவிளக்கோடும் காப்பி வடிகட்டியோடும் ஒரு சிறு சங்கும் வந்து சேர்ந்தது. கடற்சங்கின் வடிவை வெள்ளியிலும் பித்தளையிலும், பின்னாளில் எவர்சில்வரிலும் வார்த்த அந்த மூக்கு நீண்ட குழிக்கரண்டியைப் பாலாடை என்றும் வழங்குவோம். தாய்ப்பால் போதாதபோது பசும்பாலையும், மாந்தத்திற்கு மருந்தையும் புகட்டிய அக்கருவி, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் அலமாரியின் மூலைக்குப் போயிற்று. அதன் இடத்தைப் பிடித்தது பால்புட்டி.

புட்டியின் வரலாறு பெருமைக்குரியதன்று. நியூயார்க்கில் எலைஜா பிராட் என்பார் 1845-இல் ரப்பர்க் காம்புக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்திலோ நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய புட்டிகள் பரவின. குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. தங்கிய பால் புளித்துக் கிருமிகள் பெருகின. ‘கொலைப்புட்டி’ என்றே மக்கள் அவற்றிற்குப் பெயரிட்டனர். சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் 1867-இல் ஹென்றி நெஸ்லே குழந்தைகளுக்கான பால்மாவைச் செய்தார். பின்னர் டப்பாப் பால் கப்பலேறிக் கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கெல்லாம் வந்தது. இனிப்பூட்டிய டப்பாப் பாலால் மடிந்த மகவுகளைக் கண்டு மனம் நொந்த மருத்துவ அம்மையார் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பிலேயே உரையாற்றினார்.

நம் குடியிருப்புகளில் டப்பா நுழைந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இரண்டு இரவு ரயிற் பயணத்துக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு அது எப்போதும் வாய்த்ததில்லை; தாயாரை வரவழைக்கவும் பலருக்கு இயலவில்லை. பால் சுரக்க இரண்டு நாள் தாமதமானால், “அழட்டும், மறுபடி மடியில் போடு” என்று சொல்ல ஆளில்லாத அறையில், டப்பாவின் மேலிருந்த கொழுத்த குழந்தையின் படமே பாட்டியாக அமர்ந்துவிட்டது. விலை மிகுதி, ஆகவே மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டியவர்களும் உண்டு. பின்னர் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டனர். ஆனந்தின் கூட்டுறவாளர் அதனை உற்பத்தி செய்தனர். அரிய சாதனைதான், எனினும் சுதேசிப் புட்டியும் புட்டியே அன்றோ!

இதனால் பாட்டிமார் செய்தவை யாவும் சரி என்று நாம் வாதிட வரவில்லை. பசுவின் சீம்பாலை வெல்லமிட்டுக் காய்ச்சி உண்ட நாம், தாயின் சீம்பாலை மட்டும் ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டினோம். முதல் மூன்று நான்கு நாள் தேனும் நெய்யும் கொடுக்கச் சுசுருத சங்கிதையே இடந்தருகிறது. நோயெதிர்ப்பாற்றல் நிறைந்தது அந்த மஞ்சட் பாலே என்பது இன்று தெளிவு. சேனை தொட்டு வைக்கும் தேனோ, ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு ஆபத்தானது. காலில் மல்லாத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கால் ஊற்றும் பழக்கத்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும்.

1981-இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்துக்கு வரம்பு வகுத்தது. நம் நாடு 1992-இல் சட்டமே இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கியது. பால்புட்டி விளம்பரமும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று 2001-இல் உலக சுகாதாரப் பேரவை வற்புறுத்தியது.

அலமாரிச் சங்கு மீண்டதும் மருத்துவமனை வழியேதான். குறைமாதத்தில் பிறந்து, சப்பிக் குடிக்க வலுவில்லாத சிசுக்களுக்குத் தாயின் பாலைப் பீய்ச்சியெடுத்துப் பாலாடையால் புகட்டுவதை இந்திய மருத்துவமனைகள் பல மேற்கொண்டுள்ளன. திறந்த ஏனமாதலின் மூலை முடுக்கில்லை. கழுவிக் கொதிநீரில் இட்டால் தூய்மையாகும். தலையை உயர்த்திப் பிடித்து, மூக்கை உதட்டோரம் வைத்து, ஒரு சொட்டு விழுங்கிய பின்பே மறு சொட்டை விடவேண்டும். வடநாட்டுச் செவிலி ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து இதனைக் கற்பிக்கும் காட்சியை இன்று காணலாம். அவள் வாயிலும் அதன் பெயர் பாலாடைதான்.