கப்பல்ல ஏழு நாளு

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். கைபேசியைத் தட்டினால் உடனே சொல்லிவிடும். ஆனால், தோட்டத்து மூத்தவர்கள் இந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லி நான் கேட்டதில்லை. 'கப்பல்ல ஏழு நாளு' என்பார்கள். அவ்வளவுதான்.

அந்த ஏழு நாளை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சுமார் 1,260 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் ஓடும் நீராவிக் கப்பலுக்கு நாலரை நாள் போதும். மிச்ச நாள் எங்கே போனது? சென்னையில் ஏற்றம், நாகையில் படகு வைத்து மறுபடியும் ஏற்றம், பினாங்கில் இறக்கம், போர்ட் சுவெட்டன்ஹாம், கடைசியில் சிங்கப்பூர். தளத்தில் பாய் விரித்து வந்தவர்களுக்கு அதோடும் முடியவில்லை. ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் காத்திருந்தது. ஆக, தூரத்தைக் கடல் மட்டும் தீர்மானிக்கவில்லை.

காகிதமும் தீர்மானித்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி வந்தபின் தொழிலாளியின் கப்பல் செலவை முதலாளிகளிடம் வசூலித்த பணம் ஏற்றது, கடல் சுருங்கியது. 1938-இல் இந்திய அரசு அந்த உதவிப் பயணத்துக்குத் தடை போட்டது. அதே கடல் அகன்றது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் இந்த இரண்டையும் பார்த்தது.

மூன்றாவதாக ஒன்றையும் அது பார்த்தது. மலாயா விடுதலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளை குடிமகன். தமிழ்நாட்டில் பிறந்த அப்பா விண்ணப்பம் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், 'நம்மள யாரு என்ன செய்யப் போறா' என்று இருந்தவர்களும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது இறுகியது. பல்லாயிரம் பேர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். வந்தபோது ஏழு நாள். போனபோதும் ஏழு நாள்தான். ஆனால் பலருக்கு அது திரும்பி வரமுடியாத தூரம். ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சிவப்பு, மகனுக்கு நீலம் என்றால், அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கடல் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

'ரஜூலா' 1970-களின் முற்பகுதியில் ஓய்ந்தது. அடுத்து வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீப்பற்றியது. அத்தோடு பயணிகள் கப்பல் கதை முடிந்தது. இடையில் 1982 ஜனவரி முதல் தேதி, தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியது. இரண்டு மணியாக இருந்த நேர வேறுபாடு இரண்டரை ஆனது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக நிற்பதற்கான முடிவு அது. நம்மை யாரும் நினைத்துச் செய்யவில்லை. இருந்தாலும், விமானம் தூரத்தைக் குறைத்துக்கொண்டு வந்த காலத்தில் கடிகாரம் நம்மை அரை மணி தள்ளி வைத்தது.

நமது புலம்பெயர்வு வரலாறு பெரும்பாலும் வந்தவர்களோடு நின்றுவிடுகிறது. போனவர்கள் அதில் ஓரிரு வரிதான். 1970-இல் ஆறு வயதில் பினாங்கில் கப்பல் ஏறிய பிள்ளைக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் எங்கோ, மலாய் வார்த்தை நாலு இன்னும் நாக்கில் இருக்க, அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். போய்க் கேட்க நான்கு மணி நேரப் பயணம்தான். கேட்பதற்குத்தான் அதிக நாளில்லை.