திருநின்றவூருடையான் எழுத்து

வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு இன்று ஆவணத் தானியக்க மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. கேள்விகளுக்கு விடை தந்தால் போதும். பெயர், நாள், தொகை, எல்லை எல்லாம் உரிய இடங்களில் அமர்ந்து கிரயப் பத்திரம் முழுமையாக வந்துவிடும். மாறாத வாசகம், மாறும் இடங்கள் என்று ஆவணத்தை இரண்டாகப் பிரிப்பதே இதன் அடிப்படை. அந்தப் பிரிப்பைத் திருமலைக் கோயிலின் கணக்கர்கள் விஜயநகரக் காலத்திலேயே செய்துவிட்டனர். அதற்கான சான்று கோயில் சுவர்களிலேயே இருக்கிறது.

திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தேவஸ்தானம் 1931 முதல் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளை வரிசையாகப் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டுவது இயல்பு. முதலில் சக ஆண்டு, ஆண்டின் பெயர், மாதம், திதி, கிழமை, நட்சத்திரம். அடுத்து, கோயிலை நிர்வகித்த ஸ்தானத்தார் இன்னாருக்குச் சிலாசாசனம் பண்ணிக்கொடுத்த செய்தி. பின்பு, திருப்பண்டாரத்தில் செலுத்திய நற்பணம் எவ்வளவு, அது எந்தத் திருவிடையாட்ட ஊரின் ஏரி கால்வாய்களில் இடப்படும், அதன் விளைவைக் கொண்டு எந்த நாளில் எத்தனை தளிகை அமுது செய்விக்கப்படும் என்ற விவரம். பிரசாதத்தில் கொடையாளிக்கு உரிய பங்குக்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர், வழக்கமாக நாலத்தொன்று. சந்திராதித்தவரை இது நடக்க வேண்டும் என்ற உறுதிக்குப் பின், கோயில் கணக்குத் திருநின்றவூருடையான் எழுத்து என்று ஆவணம் முடியும்.

இந்தக் கடைசிப் பெயர் தலைமுறை தலைமுறையாக வருகிறது. எனவே இதைத் தனி ஒருவரின் பெயராகக் கொள்ள இயலாது. ஊரடியாகப் பிறந்த குடிப்பெயர் அது, கோயில் கணக்கைப் பரம்பரையாக வைத்திருந்தோரின் அடையாளம். அந்தப் பணிமனையின் வாசகம் அரசர்கள் மாறியபோதும் பெரிதாக மாறவில்லை. சாளுவ நரசிம்மன் காலத்திலும் அச்சுதராயர் காலத்திலும் சட்டகம் ஏறக்குறைய ஒன்றே. இன்னும் வியப்பானது மொழி. தெலுங்குக் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற தாள்ளபாக்கம் குடும்பத்தாரின் கொடைகளும் தமிழிலேயே பதிவாயின. கொடையாளி வீட்டில் பேசிய மொழி எதுவாயினும், ஆவணத்தின் மொழியை எழுதும் அலுவலகமே தீர்மானித்தது.

சலிப்பூட்டும் இந்த ஒருமைதான் வரலாற்றாய்வாளருக்குக் கிடைத்த கொடை. பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், கொடைப் பணம் பாசனத்தில் முதலீடாகி உணவாகத் திரும்பிய சுழற்சியை விளக்கினார். ஒரே வரிசையில் அமைந்த விவரங்கள் அட்டவணைக்கு எளிதில் இசைந்தன. ஆனால் அட்டவணையில் வராதவர்களும் உண்டு. நெய்க்கும் மிளகுக்கும்கூட அளவு சொல்லும் சட்டகத்தில், அந்த ஏரிக்கடியில் உழுதவர்களின் பெயருக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. பணம் கால்வாயில் இடப்படுகிறது, முதல் விளைகிறது. விளைவித்தவர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார். தமிழ் வினைமுற்று எழுவாயின்றியும் இயங்கும் என்பது இங்கே கணக்கருக்கு மிக வசதியாகிவிட்டது.

1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கம்பெனியின் கைக்கு வந்தது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்ட நிர்வாகம் கோயிலையும் மேற்பார்த்தது. அக்காலத்து ஆவணங்களில் ஒன்றின் பெயரே ‘சவால் ஜவாப்’, அதாவது கேள்வியும் விடையும். வழக்கம் என்ன, உரிமை யாருக்கு என்று கேட்டு விடைகளைப் பதிவுசெய்த முறை அது. 1821இல் 42 விதிகள் கொண்ட புரூஸ் விதித்தொகுப்பு வந்தது. 1843இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்துக்கு மாறியது. கேள்வி கேட்டு ஆவணம் ஆக்கும் இன்றைய மென்பொருளுக்கு இதைவிட நெருங்கிய மூதாதையைக் காண்பது கடினம். அதன் குறையும் அதுவே: கேட்கப்படாதது பதிவாவதில்லை.

நிலப் பத்திரங்கள் இதற்குப் பின்னும் நெடுங்காலம் கையெழுத்தை நம்பியே இருந்தன. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பத்திர எழுத்தர் எழுதித் தந்ததைச் சார்பதிவாளர் அலுவலகம் மீண்டும் பெரும் புத்தகங்களில் படியெடுத்தது. ஆந்திர அரசு 1998 நவம்பர் 4 அன்று ‘கார்டு’ என்னும் கணினித் திட்டத்தை 214 அலுவலகங்களில் தொடங்கியது. நாள்கணக்கில் இழுத்த வில்லங்கத் தேடல் நிமிடங்களுக்குச் சுருங்கியது. இது சிறிய நன்மை அன்று. பின்னாளில் மாதிரிப் பத்திரங்களும் இணையத்தில் ஏறின. சர்வே எண், நான்கு எல்லை, மதிப்பு, விற்பவர், வாங்குபவர் என அவற்றிலும் இடங்கள் உண்டு. வாய்மொழிக் குத்தகையில் அதே நிலத்தை உழுபவருக்கு மட்டும் கட்டம் இல்லை.

அந்த மாதிரிகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. பதிவு அலுவலருக்குத் தெரியாத, மாவட்டத்தில் பொதுவாக வழங்காத மொழியில் பத்திரம் வந்தால், உண்மையான மொழிபெயர்ப்பும் படியும் இணைக்க வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. திருநின்றவூருடையான் எழுதிய கற்கள் இருக்கும் அதே ஊரில், தமிழில் எழுதிய பத்திரத்துடன் வருபவர் முதலில் எதிர்கொள்ளக்கூடியது இந்தப் பிரிவைத்தான்.