மூங்கிலில் தொடங்கிய விகாரை

கோயமுத்தூரில் மார்கழிப் பனி இறங்கியதும் நடைபாதையில் கம்பளிச் சட்டைக் கடை பரப்புவார்களே, திபெத்தியர்கள், அவர்களிடம் வருஷா வருஷம் பேரம் பேசுகிறவன் நான். ஊர் எது என்று ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. இந்த முறை என் பேத்தி கேட்டுவிட்டாள்: "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"பைலகுப்பே" என்றாள் கடைக்கார அம்மாள்.

"அது திபெத்தில் எந்தப் பக்கம்?" என்றேன் நான்.

"மைசூர் பக்கம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வெட்கத்தோடு புறப்பட்டேன் என்றே சொல்லவேண்டும். சத்தியமங்கலம் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, மைசூர், ஹுன்சூர் வழியாகப் போனால், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே நம்ட்ரோலிங் மடம். 1665-ல் கிழக்குத் திபெத்தில் நிறுவப்பட்ட பல்யூல் மடத்தின் தலைவர் பெனோர் ரின்போச்சே, 1959-ல் நாட்டைவிட்டு வெளியேறினார். உடன் புறப்பட்டவர்கள் சுமார் 300 பேராம். உயிரோடு இந்தியா வந்து சேர்ந்தவர்கள் 30 பேர்தானாம். 1963-ல் இங்கே அவர் எழுப்பிய முதல் கோயில் வெறும் மூங்கில்!

இன்றுள்ள பொற்கோயில் 1999-ல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக நிமிர்கிறது. நடுவே சுமார் 60 அடி உயரப் புத்தர். இருபுறமும் பத்மசம்பவரும் அமிதாயுசும். செம்பில் வார்த்துப் பொன் பூசிய திருமேனிகள். அவற்றின் வயிற்றுக்குள் மறைநூல்களை வைத்து மூடியிருக்கிறார்கள். சுவரிலும் தூணிலும் இடம் விடாமல் வண்ணம். கருங்கல்லுக்குப் பழகிய நம் கண்ணுக்கு அது சற்று அதிகந்தான். ஆனால், ஊரையே இழந்து வந்தவர்கள் நினைவிலிருந்த அத்தனையையும் தீட்டிவைக்க நினைத்தால் சுவர் போதுமா?

நம் மண்ணிலும் இப்படி ஒன்று நடந்ததுண்டு. ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை எழுதிக் கொடுத்தான் ராஜராஜ சோழன். அங்கே கடைசியாக நின்ற செங்கல் கோபுரமும் 1867-ல் இடிக்கப்பட்டது. சோழன் கொடுத்தது கப்பல்கள் ஓட்டிய அரசனுக்கு. கொடைக்குப் பின்னால் வாணிபமும் இருந்தது. பைலகுப்பேயில் காட்டு நிலம் கிடைத்தது கையில் ஒன்றுமில்லாத அகதிகளுக்கு. எது பெரிய கொடை என்று எனக்குச் சந்தேகமில்லை.

திரும்பி வந்து அந்த அம்மாளிடம் போய்வந்த கதையைச் சொன்னேன். பொற்கோயிலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சோளம் அடித்து முடித்துவிட்டார்களா?" என்றாள்.

"வாசலெல்லாம் காயப் போட்டிருக்கிறார்கள், அம்மணி" என்றேன்.